ஓடையில் எறியாத கல்

அஜக்ஸ், ஒன்ராறியோ
7 ஜூன் 2009

அன்புள்ள இரத்தினவேலுக்கு,

இங்கே நான், உம்மு ஸல்மா, மகள் நதா மூவரும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதும் இந்த வரியில்தான் வழக்கம். இந்த முறை அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். கேள்வி எங்கேயும் ஓடிவிடாது.

உறையில் எழுத உன் விலாசம் கிடைக்கவில்லை. உன் கிளிநொச்சி விலாசத்தில் இப்போது வீதியும் இல்லை, வீடும் இல்லை என்கிறார்கள். ஆகவே உன் பெயர், தகப்பன் பெயர், முன்னாள் நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தர், மெனிக் பாம் முகாம், செட்டிகுளம், வவுனியா என்று எழுதி, வலயம் என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று போட்டிருக்கிறேன். முத்திரைக்காக முந்தநாள் வெறும் உறையைக் கொண்டுபோனபோது, தபால் கந்தோரில் இருந்த பிள்ளை விலாசத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் கோடை முகாமா என்று கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் வெளியே விட மாட்டார்கள் என்றேன். நல்ல ஒழுக்கமான முகாமாக இருக்க வேண்டும் என்று முத்திரை ஒட்டினாள்.

ஜனவரி பதினோராம் திகதி விசுவமடுவிலிருந்து நீ எடுத்த அழைப்பு நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பற்றிப் பேசினாய். சனமெல்லாம் ரோட்டிலை, குளத்தை ஆர் பாக்கிறது எண்டு கேட்டாய். நீ எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க மீதி ஒரு நிமிடத்தை வைத்திருந்தேன். லைன் அறுந்துவிட்டது.

அதன் பிறகு உன்னைப் பற்றி நான்கு செய்திகள் வந்தன. ஒருவர் உன்னை மாத்தளனில் காலில் காயத்தோடு கண்டார். இன்னொருவர் அதே நாள் ஓமந்தையில் இரண்டு காலாலும் நடக்கக் கண்டார். மூன்றாமவர் உன்னைக் காணவில்லை, ஆனால் கண்ட ஒருவரைக் கண்டார். நான்காமவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. உன் அக்கா மங்கையக்கா அதைத்தான் நம்புகிறார்.

என் தொழில் உனக்குத் தெரியும், பிளம்பர். இரணைமடுவில் நாம் வேலை செய்தபோது, வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் கமக்காரர்கள் ஏசினார்கள். இங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஏசுகிறார்கள். மற்றபடி வேலை ஒன்றுதான். ஆனால் உனக்கு எழுத வந்தது சனிக்கிழமை வேலையைப் பற்றி. அதைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

சனிக்கிழமைகளில் நான் ஓர் ஓடையைக் காவல் காக்கிறேன். எங்கள் ஊருக்கு வடக்கே டஃபின்ஸ் ஆற்றில் போய் விழும் சின்ன ஓடை. பெயர்கூட இல்லை, எங்கள் தொண்டர் குழுவின் படத்தில் ‘ஏழாம் கிளை’ என்று குறித்திருக்கிறோம். நம் கந்தோர் மேசையை இரண்டு கரையிலும் கால் வைத்து நிறுத்திவிடலாம், அவ்வளவுதான் அகலம். அதில் புறூக் ட்ரவுட் என்று ஒரு மீன். ஒரு சாண் நீளம். முதுகில் புழு ஊர்ந்ததுபோல் கோடு, விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு. இந்த நாட்டின் பனிப்பாறை உருகிய காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறதாம். ஆடம்பரமாக எதுவும் கேட்பதில்லை: நிலத்துக்கடியிலிருந்து ஊறும் குளிர்ந்த நீர், மேலே நிழல், அடியில் சேறில்லாத சரளை. நீரின் வெப்பம் இருபது பாகையைத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டும். இருபத்துநான்கில் செத்துப்போகும்.

இந்தப் பக்கம் வீடுகள் வந்தபோது மரத்தை வெட்டிப் புல் வளர்த்தார்கள். கூரையிலும் தார் ரோட்டிலும் சூடேறிய மழைநீரைக் குழாய் வழியே ஓடைக்குள் விட்டார்கள். மீனை யாரும் எழும்பிப் போகச் சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன இயக்கம் எங்கள் சோனகதெருவுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தது. மீனுக்கு நூறு வருடம் கொடுத்திருக்கிறார்கள். முன்னேறிய நாடு.

முன்னொரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்ட வேறொரு ட்ரவுட் மீன் கீழ்ப்பக்கத்து நல்ல மடுக்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. முதற் கூட்டத்தில் நான் எழும்பி, வந்தேறிகள் உள்ளூர் மீனைக் காப்பதற்குச் சட்டத்தில் தடை உண்டா என்று கேட்டேன். ஹெதர் என்றொரு அம்மாள்தான் குழுவுக்குத் தலைவி, எழுபது வயது, எப்போதும் இறப்பர் சப்பாத்து. அவர் நன்றாக யோசித்துவிட்டு, இதுவரை மீன்கள்மீதுதான் முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒத்துப்போகிறது.

கரையில் வில்லோக் கம்பு நடுகிறோம். கரை அரிக்காமல் கல் அடுக்குகிறோம். வெப்பமானி வாசிக்கிறோம். அதற்கொரு தாள் உண்டு: நேரம், வெப்பம், ஆழம், கையெழுத்து. முதல் நாள் அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். நம் நீர்மட்டக் கொப்பியில், காய்ச்சலில் கிடந்த மூன்று நாளுக்கு நான் ஊகித்து எண் போட்டேனே. நீ ஏசவில்லை. அழிறப்பரை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அளந்ததை எழுது, நினைச்சதை எழுதாதை எண்டு வாசலில் நின்று சொன்னாய். நான் மூன்று கட்டத்தையும் அழித்தேன். கிளிநொச்சி மாவட்டத்திலேயே மிக நேர்மையான வெற்றுக் கட்டங்கள் அவைதான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிறு மங்கையக்காவைப் பார்க்க சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். பதினெட்டாம் மாடியில் அதே வீடுதான். மே மாதம் போரை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு நெடுஞ்சாலையில் ஏறி இருந்தவர், கத்திய குரல் இன்னும் திரும்பவில்லை. உன் படத்துக்கு மாலை போடவில்லை. மாலை போட ஆணி அடித்திருக்கிறார். தேத்தண்ணி தந்துவிட்டு, முப்பத்தோராம் நாள் ஜூன் பதினேழிலை வருகுது, அந்தியேட்டி செய்து அவனை வழியனுப்பவேணும், நல்ல தண்ணி ஒண்டு காட்டு தம்பி எண்டார். ஏரிக்கரை இருக்கிறதே என்றேன். கீரிமலைத் தீர்த்தத்திலை செய்யவேண்டியதை ஆக்கள் நாயோடை நடக்கிற இடத்திலையோ செய்யிறது எண்டு கேட்டார். அவனுக்கு நிலத்தாலை ஊறி ஓடுற தண்ணியிலைதான் மனம், நீ அறியாததோ எண்டார்.

முப்பத்தோராம் நாள் என்று எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஏழாம் கிளையைச் சொன்னேன். மீன் இருக்கும் இடத்தை வெளியே சொல்வதில்லை என்பது எங்கள் குழுவின் முதல் விதி. எத்தனை பேர் வருவீர்கள் என்று மட்டும் கேட்டேன். நாலு பேர் எண்டார்.

உன் அக்கா நாள் குறித்துவிட்டார். நான் இடம் குறித்துவிட்டேன். இதுபற்றி உனக்கு ஆட்சேபம் ஏதும் இருப்பின், தயவுசெய்து பதினேழாம் திகதிக்கு முன்னர் அறிவிக்கவும்.

உன் கூட்டாளி,
பதியுதீன்


அஜக்ஸ்
28 ஜூன் 2009

அன்புள்ள இரத்தினவேலுக்கு,

ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஆனபடியால் காரியம் நடந்தது.

நாலு பேர் என்றார் அல்லவா. காலை எட்டு மணிக்கு முதல் வான் வந்தது. ஒன்பது மணிக்குப் பதினொரு வாகனங்கள் நின்றன. நான் ஊருக்குச் சொல்லேல்லை, ஒருத்திக்குத்தான் சொன்னனான் எண்டு மங்கையக்கா சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். நானும் ஒருத்தருக்குத்தான் சொன்னேன்.

அறுபது பேருக்கு மேல். ஒவ்வொருவர் கையிலும் படம். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தவை. எல்லா முகமும் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்ததுபோல் நேரே பார்த்தன. செத்த நாள் யாருக்கும் தெரியாது. ஆகவே போர் முடிந்த மே பதினெட்டு என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். இங்கே எங்கள் ஆட்கள் ஏகமனதாக எடுத்த முதலாவது தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு பெண் மட்டும் தன் மகன் ஏப்ரலிலேயே போய்விட்டான், நாளைத் தனக்குத் தெரியும் என்றார். மற்றவர்கள் அவரை ஒருவிதப் பொறாமையோடு பார்த்தார்கள்.

குருக்கள் ஓடையைப் பார்த்தார். தண்ணீர் கணுக்காலை மூடவில்லை. இதுக்குள்ளை எப்பிடி அப்பா முழுகிறது எண்டார். உடனே ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நாங்கள் இரண்டு வருடமாகக் கரையில் அடுக்கிய கற்களைப் பெயர்த்து ஓடைக்குக் குறுக்கே போட்டார்கள். நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

இனி எழுதுவதை நீ ஒருவன்தான் விளங்கிக்கொள்வாய். அவர்கள் கல் போட்ட விதம் பிழை. சின்னக் கல்லை அடியில் போட்டார்கள். இடுக்கெல்லாம் தண்ணீர் ஒழுகியது. இருபது வருடம் அணைக்கட்டில் நின்ற கால் எனக்கு. ஒழுகும் கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பெரிசை அடியிலை போடுங்கோ, சாய்வு மேல்பக்கம் வரட்டும், இடைக்குப் புல்லும் களிமண்ணும் அடையுங்கோ எண்டு சொன்னேன். பிறகு நானே இறங்கினேன். முக்கால் மணித்தியாலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீ பார்த்திருந்தால் கையெழுத்து வைத்திருப்பாய். மீனைக் காக்கச் சேர்ந்தவன் மீனின் வழியை மறித்துக் கட்டிய நல்ல அணை.

குருக்கள் கரையில் பொறுக்கிய சின்னக் கற்களைக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார். போனவரை அந்தக் கல்லில் இருத்தி, பாலும் எள்ளும் விட்டு, திரும்பிப் பாராமல் நீரில் எறிய வேண்டும். உன் கல்லை எறிய ஆண்பிள்ளை யார் என்று கேட்டார். நீ கல்யாணம் முடிக்காமல் குளத்தோடு இருந்துவிட்டாய். அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. மங்கையக்கா என்னைக் கைகாட்டினார். குருக்கள் என் தொப்பியைப் பார்த்தார். மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு, தண்ணிக்கு ஆட்சேபனை இல்லை எண்டார். அந்த மனிதரில் எனக்கு மதிப்பு வந்தது.

கல் கையில் இருந்தது. சாம்பல் நிறம், ஒரு பக்கம் தட்டை, எலுமிச்சம்பழ அளவு. எறிய வேண்டியதுதான். எல்லாரும் எறிந்துவிட்டார்கள், ஏப்ரல் மாதத்துப் பெண்ணின் கல்லும் போய்விட்டது. நான் நின்றேன். எறி தம்பி எண்டார் அக்கா. அளக்கேல்லையே அக்கா எண்டு சொன்னேன். என்ன பேச்சு அது என்று எனக்கே தெரியாது. அவருக்கு விளங்கிவிட்டது, உன்னோடு வளர்ந்தவர். இருபத்திரண்டு கிழமையா என்ரை ரெலிபோன் அடிக்கேல்லை, உது அளவில்லையோ எண்டு கேட்டார். சத்தம் போடவில்லை. கல்லை நான் காற்சட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்த்தார். வேறொருவரின் வானில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் உம்மு ஸல்மா என் நனைந்த காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது கல்லைக் கண்டாள். முழுவதையும் சொன்னேன். உங்கட கூட்டாளி ஹயாத்தோட இருக்கிறாரா மௌத்தா எண்டு தெரியாம நீங்க என்னெண்டு துஆ கேக்கிறீங்க எண்டாள். இரண்டுக்கும் பொதுவாகக் கேட்கிறேன் என்றேன். அல்லாஹ்வுக்கு வேலை வைக்காதீங்க, ஒண்டைச் சொல்லுங்க எண்டாள். கல்லை மட்டும் கழுவித் துடைத்து அடுக்களை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தாள்.

அந்தக் கிழமைச் சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. அடுத்த கிழமை வெயில் முப்பதைத் தாண்டியது. நேற்றுப் போனேன். அணைக்கு மேலே, ஊற்றடியில் பதினேழு பாகை. அணைக்குக் கீழே இருபத்துமூன்றரை. நடுவில் வெயிலில் வெந்து நிற்கும் என்னுடைய தண்ணீர். வெயிலுக்குத் தப்பி மேலே ஊற்றடிக்குப் போக வந்த மீன்கள் கட்டில் முட்டித் திரும்பியிருக்கின்றன. இரண்டு செத்துக் கிடந்தன. அளந்தேன். பதினெட்டு, பதினாறு சென்ரிமீற்றர். கீழ்ப்பக்கம் வழக்கமாக நிற்கும் ஆறேழைக் காணவில்லை. அவற்றையும் செத்த கணக்கில் எழுதப் போனேன். ஹெதர் என் கையைப் பிடித்தார். உடல் கையில் இருந்தால்தான் அந்தக் கட்டத்தில் எழுதலாம், மற்றதெல்லாம் ‘காணவில்லை’ என்றார். உன்னுடைய ஆள்தான்; இறப்பர் சப்பாத்து மட்டும் அதிகம்.

பிறகு அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது விளையாட்டுக்குக் கட்டியதல்ல, தொழில் தெரிந்தவர் கட்டியது என்றார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். என் ஆங்கிலத்தில் அந்தியேட்டியைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் கடைசியில், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கரையில் நின்றபடி மங்கையக்காவுக்கு எடுத்தேன். பத்து நாளாக என்னோடு பேசாதவர். கட்டைப் பிரிக்கப் போகிறேன் என்றேன். அதுகளைத் திரும்பவும் கிளறப் போறியோ, ஒருக்காச் செத்தது காணாதோ எண்டார். பெரிய கல்லைத்தான் எடுப்பேன், எறிந்த சின்னக் கல் ஒன்றும் தண்ணியை விட்டு வெளியே போகாது என்றேன். பிறகு, தண்ணி சுடுகுதோ எண்டு கேட்டார். எங்களுக்கு இல்லை அக்கா, மீனுக்குச் சுடுகுது எண்டேன். அப்ப எடு எண்டு வைத்துவிட்டார்.

அடைத்த களிமண்ணை ஒரேயடியாக விட்டால் கீழே சரளையெல்லாம் சேறாகிவிடும். வாளியில் அள்ளிக் கரைக்குக் கொண்டுபோனோம். பிறகு கல். முதலில் ஹெதர் கற்களைப் புரட்டிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கல் ஆட்களுடையது, எது சும்மா கல் என்று கேட்டார். கலந்துவிட்டது, இனித் தெரியாது என்றேன். அதன் பிறகு அந்த மனுசி ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் தூக்கிக் குனிந்து வைத்தார். எழுபது வயது. நானும் அப்படியே செய்தேன். பின்னேரமாகிவிட்டது. தண்ணீர் முதலில் கலங்கலாக, பிறகு தெளிந்து, பழைய சத்தத்தோடு போனது.

இரண்டு மீனுக்கும் நான்தான் கையெழுத்து வைத்தேன். காணாத ஆறேழுக்குக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

முதற் கடிதம் கிடைத்ததோ தெரியாது. கிடைத்திருந்தால், பதில் எழுதக் கடதாசி கேட்டு அங்கே யாரோடும் சண்டை பிடிக்காதே. நேரம் எடுத்துக்கொள்.

உன்,
பதியுதீன்


அஜக்ஸ்
25 ஒக்ரோபர் 2009

அன்புள்ள இரத்தினவேலுக்கு,

ஜூன் மாதத்து முதற் கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது. நான்கு முத்திரை குத்தி, மூன்று பேர் மூன்று நிறத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அப்படியொருவர் இவ்விடம் பதிவில் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஒருவர் இல்லை என்று சொல்ல அரசாங்கம் இவ்வளவு உழைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டாவது இன்னும் வரவில்லை. அது உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

நதா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டாள். புத்தளம் அகதி முகாமில் ஓலைக் கொட்டில் என்று எழுது என்றேன். கட்டம் சின்னன் வாப்பா எண்டாள்.

முகாமிலிருந்து சனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள் என்று அறிந்திருப்பாய், அல்லது அறியாமலும் இருக்கலாம். அப்படி வெளியே வந்த சீமோன் என்பவர், முன்பு கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், மங்கையக்காவுக்கு ரெலிபோனில் பேசியிருக்கிறார். மே பதினேழில், சனம் ஆமிப் பக்கம் கடந்த வட்டுவாகல் பாலத்தடியில் உன்னைக் கண்டாராம். ஒரு பையும் ஒரு கொப்பியும் வைத்திருந்தாயாம். கொப்பியை எறியச் சொல்லி ஆமிக்காரன் சொன்னானாம். நீ எறியாமல் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டு நின்றாயாம். பிறகு ஆண்களை வேறு பஸ்ஸில் ஏற்றினார்களாம். நீ ஏறியதைக் கண்டீர்களா என்று அக்கா கேட்டிருக்கிறார். பஸ்ஸைக் கண்டனான் அக்கா எண்டாராம் சீமோன்.

அந்தக் கொப்பி எதுவென்று எனக்குத் தெரியும். ஆமிக்காரனுக்கு நீ என்ன விளங்கப்படுத்தியிருப்பாய் என்றும் தெரியும். இரத்தினவேல், நீர்மட்டம் எழுதிய கொப்பிக்காக ஒருவன் வரிசையில் நின்று வாதாடுவானா? நீ வாதாடுவாய்.

இந்த மாதம்தான் எங்கள் மீன் முட்டையிடும் காலம். நேற்று மங்கையக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரே கேட்டார், அந்தத் தண்ணியைப் பாக்கவேணும், கூட்டிக்கொண்டு போ எண்டு. மடிக்கும் கதிரை ஒன்றைக் கரையில் போட்டு, குளிருக்கு என் கோட்டை மேலே போர்த்தி இருத்தினேன். அணை இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஹெதர் சின்னச் சிவப்புக் கொடி நட்டிருந்தார், யாரும் மிதிக்கக்கூடாதென்று. ஊற்று நீர் அடியிலிருந்து சரளைக்கூடாகக் கசிந்து வரும் இடத்தைத்தான் பெண் மீன் தேடும். பக்கவாட்டில் சரிந்து வாலால் அடித்து அடித்துச் சரளையைத் தூசு தட்டும். பள்ளமாக்கி முட்டையிட்டு மூடிவிடும். பனிக்காலம் முழுக்க மேலே உறைபனி. அடியில் கல்லுக்கிடையில் முட்டை. மாசி பங்குனியில்தான் குஞ்சு.

அக்கா ஒரு மணித்தியாலம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கடை கல்லையும் கிளப்புதோ எண்டு கேட்டார். சின்னதெண்டால் கிளப்பும் எண்டேன். தலையை ஆட்டினார். எத்தினை முட்டை எண்டார். சில நூறு என்றேன். எத்தினை தப்பும் எண்டார். ஹெதர் சொன்ன எண்ணைச் சொன்னேன். அது மிகச் சின்ன எண். வெப்பமானியை எடுத்து வாசித்தேன், எட்டு பாகை. எழுதினனியோ எண்டார். எழுதினேன்.

திரும்பி வரும்போது, 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெரிந்து நின்ற இடத்தில், உன்னட்டை இருக்கிற கல் எங்கை எண்டு கேட்டார். அடுக்களை லாச்சியில் என்றேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வைச்சிரு எண்டார். பதினெட்டாம் மாடிக்கு ஏறிப் போனபோது பார்த்தேன். சுவரில் ஆணி இல்லை. ஆணி இருந்த துளை மட்டும் இருந்தது.

இன்னும் ஐந்து நாளில் ஒக்ரோபர் முப்பது. பத்தொன்பது வருடம். அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதியதேயில்லை. ஒலிபெருக்கி, மைதானம், உரப்பைக்குள் உடுப்பு, வாப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது, எல்லாம் உனக்குத் தெரியாததல்ல. அந்தக் கிழமை நீ ஊரில்தான் இருந்தாய். வண்ணார்பண்ணையில் உன் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். நான் இரண்டு மணித்தியாலமும் சைக்கிள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லொறியில் ஏறினோம்.

நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. வந்திருந்தால் உன்னையும் பிடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அளந்து எழுதிய பதில் அல்ல.

ஆனால் சமாதானக் காலத்தில், 2003இல், தபால் ஓடத் தொடங்கியபோது நீ ஒரு கடிதத்தில் எழுதினாய். நீர்மட்டக் கொப்பியில் என் கையெழுத்துக்குரிய கட்டத்தை நான் போன நாளிலிருந்து வெறுமையாகவே விட்டு வந்தாயாம். மேலே இருந்தவர்கள், இந்த உத்தியோகத்தர் எங்கே, விலகிவிட்டார் என்று எழுதும் என்றார்களாம். நீ பக்கத்தில் ‘லீவு’ என்று எழுதினாயாம். பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு மாதமும். அதைப் படித்துவிட்டு உனக்கு நான் எழுதிய பதிலில் காலநிலை பற்றி மட்டும் எழுதினேன். எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

இப்போது என் முறை. எங்கள் குழுத் தாளில் கையெழுத்துக்கு இரண்டு கட்டம் உண்டு. வாசிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். முதற்கட்டத்தில் என் பெயர். இரண்டாவதில் நேற்று உன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘லீவு’ என்று போட்டேன். ஹெதர் பார்த்தார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். அவர் அறிவிக்கும் வரை என்றேன். சரி என்று தாளை மடித்து வைத்தார்.

கல்லை நான் எறிய மாட்டேன். உனக்குரிய கல்லை எறிய எனக்கு அதிகாரமில்லை. நீ வா. வந்து, உன் கையால் எங்கே வேண்டுமென்றாலும் எறி. ஏழாம் கிளையென்றால் கொடி நட்ட இடத்தை மட்டும் விட்டுவிடு. வராமல் இருக்க நேர்ந்தால், யாராவது ஒரு பாதிரியிடமோ செஞ்சிலுவைக்காரரிடமோ ஒரு வரி கொடுத்துவிடு. வரி வேண்டாம், ஓர் எண் போதும், நீ நிற்கும் இடத்துத் தண்ணீரின் ஆழமோ சூடோ. உன் கையெழுத்தை நான் கண்டுபிடிப்பேன்.

உன்னை ஆண்டவன் எங்கே வைத்திருக்கிறானோ, அங்கே குடிக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கட்டும். மேலே நிழல் இருக்கட்டும். காலடியில் சேறில்லாதிருக்கட்டும்.

ஜூன் மாதத்தில் தள்ளி வைத்த கேள்வியை இப்போது கேட்கிறேன். சுகமா, இரத்தினவேல்?

என்றும் உன்,
பதியுதீன்